பெட்ரோல் ஜெனரேட்டர்: கிளம்பாதபோதும் கிளம்பிய பிறகும் எழும் கேள்விகள்

கையால் தூக்கியோ சக்கரத்தில் தள்ளியோ இடம் மாற்றக்கூடிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை. ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், அதன் தண்டோடு நேராக இணைந்து மின்சாரத்தை உருவாக்கும் ஆல்டர்னேட்டர். ஒன்று முதல் ஏழெட்டு கிலோவாட் வரையிலான பெரும்பாலான இயந்திரங்களின் அமைப்பு இவ்வளவுதான். பழுதாகி வரும் இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை ஓடித் தேய்வதைவிட மூலையில் நின்றுதான் அதிகம் கெடுகின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி, அப்படி நின்றுகிடந்த மாதங்களின் விளைவைப் பற்றியவை.

எதையும் கழற்றுவதற்கு முன்பு: இதை எங்கே வைத்து ஓட்ட வேண்டும்?

வெளியே. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சரின் வாய் வீட்டைப் பார்க்காதபடி.

பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணை எரிக்காது, இருமலும் வராது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. தூக்கம் போதவில்லை என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

“ஜன்னல் திறந்துதான் இருக்கிறது”, “கார் ஷெட்டின் கதவைத் தூக்கித்தான் வைத்திருக்கிறேன்”, “பால்கனியில்தானே ஓடுகிறது” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றுமே போதாது. ஷெட், பால்கனி, படிக்கட்டின் அடி, மொட்டைமாடி அறை என்று பாதி மூடிய இடங்கள் எல்லாமே ஆபத்தானவைதான். ஜெனரேட்டர் இருக்கும் பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். படுக்கையறைக்கு அருகே பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வையுங்கள். புதிய இயந்திரங்கள் சிலவற்றில் இந்த வாயு அதிகமானால் தானே நின்றுவிடும் சென்சார் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் 6 மீட்டர் என்ற கணக்கு அதனால் குறைவதில்லை. வீட்டில் யாருக்காவது இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஜெனரேட்டரை நிறுத்த ஓடாதீர்கள். முதலில் எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள், மருத்துவ உதவியை அழையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மழை பெய்கிறது. அப்போதும் வெளியேதானா?

ஆம். நான்கு பக்கமும் திறந்த, மேலே மட்டும் மறைப்புள்ள ஓர் இடம் வேண்டும். தரையைவிடச் சற்று உயரமாக, தண்ணீர் தேங்காத சமதளத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இயந்திரத்தின் மேலேயே போர்த்தினால் வெப்பத்தில் தீப்பிடிக்கும். ஈரக் கையால் பிளக்கைத் தொட வேண்டாம். மறைப்புக்கு வழியே இல்லை என்றால், மழை விடும்வரை இருட்டில் இருந்துவிடுங்கள்.

ஆறு மாதம் சும்மா இருந்தது. கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் கிளம்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கருவியை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். எஞ்சின் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா? பெட்ரோல் காக் (டேங்கிலிருந்து பெட்ரோலை விடும் வால்வு) திறந்திருக்கிறதா? எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக் (காற்று வரும் வழியை மறைக்கும் மூடி) மூடிய நிலையில் இருக்க வேண்டும். சூடாக இருந்தால் திறந்த நிலையில். ஆயில் அளவு சரியா? வீட்டுச் சாதனங்கள் ஏதும் செருகப்பட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் பெட்ரோல் மீதுதான். பெட்ரோல் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகிறது. காற்றுப்போக்கு உள்ள டேங்கில் ஒரு மாதம் கிடந்தாலே அந்தப் பகுதி குறையத் தொடங்கும். மிச்சமிருப்பது ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மெல்ல மெல்லப் பிசினாகிறது. டேங்கில் லிட்டர் கணக்கில் இருப்பது கெடுவதற்கு முன்பே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய சில ஸ்பூன் பெட்ரோல் கெட்டுவிடும்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். கீழே ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடித்து அதைத் தளர்த்துங்கள். ஒன்றும் வடியவில்லை என்றால் காக், குழாய், வடிகட்டி ஆகியவற்றில் எங்கோ அடைப்பு. வடிகிறது, ஆனால் நிறம் கறுத்து வார்னிஷ் வாடை அடிக்கிறது என்றால் பெட்ரோல் பழசு. குப்பியின் அடியில் தனி அடுக்காக ஏதோ நிற்கிறது என்றால் அது தண்ணீர். எதுவானாலும் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். கிளம்பாத இயந்திரங்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே கிளம்பிவிடும்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் பயனில்லை. கார்புரேட்டரை நானே சுத்தம் செய்யலாமா?

செய்யலாம். பொறுமையும் வெளிச்சமும் போதும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பதை. அந்த ஸ்பிரிங் பக்கத்து ஓட்டைக்கு மாறினால் எஞ்சினின் வேகமே மாறிவிடும்.

பெட்ரோல் காக்கை மூடி, அடிப்பகுதியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். உள்ளே மிதவை, அதன் ஊசி, நடுவில் பித்தளையால் ஆன மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை உள்ள திருகு). சிறிய பைலட் ஜெட் பெரும்பாலும் மேற்பகுதியில் பிளாஸ்டிக் தலையோடு தனியாக இருக்கும். பலரும் மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். கிளம்புவதிலும் சுமையில்லாமல் சீராக ஓடுவதிலும் இதற்குத்தான் பங்கு அதிகம். இதன் துளை தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும்.

கார்புரேட்டர் கிளீனர் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, காற்றடித்து ஊதுங்கள். எதிர்வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பு போகவில்லை என்றால் மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையைச் செலுத்தலாம். ஊசியோ ட்ரில் பிட்டோ கூடாது. துளை சற்றே பெரிதானாலும் கலவையின் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், ஏனென்றால் ஒரு துளையில் அடித்த கிளீனர் இன்னொரு துளை வழியே முகத்தில் பீய்ச்சும். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், அருகில் நெருப்போ சிகரெட்டோ வேண்டாம்.

ஸ்பார்க் பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நிறைய. முனை இளம்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலமாக எரிக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு: சோக் முழுதும் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் கசிகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் அளவுக்கு மிஞ்சி உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்போது பிளக்கைத் துடைத்து உலர்த்தி, காக்கை மூடி, சோக்கைத் திறந்து வைத்து, நாலைந்து முறை கயிற்றை இழுத்து உள்ளிருக்கும் ஆவியை வெளியேற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிளக்கை மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். மரை தவறி ஏறினால் அலுமினிய ஹெட் பாழாகிவிடும். கை இறுக்கம் முடிந்த பிறகு புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்குள்.

பொறியே வரவில்லை. இக்னிஷன் காயில் (பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஆயில் சென்சாரைச் சந்தேகியுங்கள். ஆயில் குறைந்தால் பொறியைத் துண்டித்து எஞ்சினைக் காப்பாற்றும் சிறிய மிதவை சுவிட்ச் ஒன்று பெரும்பாலான ஜெனரேட்டர்களில் இருக்கிறது. சாய்வான தரையில் வைத்தாலே அது தவறாகப் புரிந்துகொண்டு பொறியைத் தடுக்கும். சமதளத்துக்கு நகர்த்தி, ஆயிலை அளந்து சரிசெய்த பிறகும் பொறி இல்லை என்றால், சென்சாரின் வயரைத் தற்காலிகமாகக் கழற்றிப் பாருங்கள். அப்போது பொறி வந்தால் குற்றவாளி சென்சார். அதை மாற்றுங்கள், வயரைக் கழற்றிய நிலையிலேயே ஓட்டப் பழகிவிட்டால் ஒருநாள் ஆயில் தீர்ந்து எஞ்சின் இறுகிவிடும்.

பொறியைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டர் என்ற சிறு கருவி கிடைக்கிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பழைய முறையில், திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பொறியை நோக்கியே வரும். டெஸ்டரே பாதுகாப்பானது.

கயிறு சட்டென்று பின்னால் இழுத்துக் கையை வெட்டுகிறது. ஏன்?

அழுத்தக் கட்டத்தின் நடுவில் இழுக்கத் தொடங்கினால் பிஸ்டன் பின்வாங்கும். மெதுவாக இழுத்து, தடை தென்படும் இடம் வந்ததும் கயிற்றை உள்ளே போகவிட்டு, பிறகு ஒரே வீச்சில் இழுங்கள். இதற்குப் பிறகும் தொடர்ந்து உதைத்தால் ஃப்ளைவீல் சாவி (ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சிறு துண்டு) நழுவியிருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டியது.

ஓடுகிறது, ஆனால் சத்தம் ஏறி இறங்குகிறது. விளக்குகளும் அதற்கேற்ப ஏறி இறங்குகின்றன.

கவர்னர் பழுது என்று பலர் அதன் திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் கவர்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது. கலவையில் பெட்ரோல் குறைவதால் எஞ்சின் தளர்கிறது, கவர்னர் த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கட்டுப்படுத்தும் மடலை) திறக்கிறது, வேகம் மிஞ்சுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடியும் தளர்கிறது.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் அடங்கினால் பெட்ரோல் குறைவதுதான் காரணம் என்பது உறுதி. பைலட் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் தகடு) வழியாக வேண்டாத காற்று நுழையலாம். சோக்கைப் பாதி மூடிய நிலையிலேயே ஓட்டிக் காலம் தள்ளாதீர்கள்.

நன்றாகக் கிளம்புகிறது. அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது.

எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் கிளம்புகிறது என்பதைக் கவனியுங்கள். பதில் அதில் இருக்கிறது.

டேங்க் மூடியில் காற்று நுழைய ஒரு நுண்துளை உண்டு. அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஓட்டம் நின்றுவிடும். நின்றவுடன் சூடு சற்று ஆற விட்டு மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன் பிறகு எஞ்சின் உடனே கிளம்பினால் மூடியைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது.

மூடியைத் தளர்த்தியும் கிளம்பாமல், முழுதும் ஆறிய பிறகு மட்டும் கிளம்புகிறது என்றால் இக்னிஷன் காயிலைச் சோதிக்க வேண்டும். சில காயில்கள் சூடேறியதும் உட்சுருளில் தொடர்பு விட்டு, ஆறியதும் மீண்டும் உயிர்பெறும். நின்ற அடுத்த நிமிடமே பொறியைச் சோதித்தால்தான் இது பிடிபடும். இவை இரண்டும் இல்லை என்றால் ஆயில் குறைவு, குளிர்விக்கும் துடுப்புகளில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பாருங்கள்.

எஞ்சின் அருமையாக ஓடுகிறது. மின்சாரம் மட்டும் வரவில்லை.

முதலில் பேனலில் உள்ள சர்க்கியூட் பிரேக்கர். அடுத்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதன் ரீசெட் பட்டன். பிறகு வேறொரு சாக்கெட்டில் வேறொரு விளக்கு. இவற்றைச் செய்யாமலேயே இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வருபவர்கள் உண்டு.

இவை சரியாக இருந்தால், இங்கேயும் நின்றுகிடந்த மாதங்கள்தான் பெரும்பாலும் காரணம். ஆல்டர்னேட்டரில் நிலைக்காந்தம் இல்லாத வகைகள், ரோட்டாரின் (சுழலும் பகுதியின்) இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மையை வைத்துத்தான் மின்னுற்பத்தியைத் தொடங்குகின்றன. நீண்ட காலம் சும்மா இருந்தாலோ, சுமையோடு நிறுத்தினாலோ, பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை சுமையோடு ஓட்டினாலோ அந்தச் சிறிதளவும் போய்விடலாம். மல்ட்டிமீட்டரில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 2 முதல் 5 வோல்ட் மட்டும் தெரிந்தால் காந்தத்தன்மை இருக்கிறது, ரோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை: பிரஷ் (ரோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், அது உரசும் ஸ்லிப் ரிங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம், ஏ.வி.ஆர். (வோல்டேஜைச் சீராக வைக்கும் சுற்று) போயிருக்கலாம். ஏறக்குறைய பூஜ்யம் என்றால் காந்தத்தன்மையே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பிரஷ் உள்ள இயந்திரத்தில், ஏ.வி.ஆர். வயர்களைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிரஷ் முனைகளுக்குச் சில விநாடி மின்சாரம் கொடுத்து அதை மீட்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது. மின்வேலை பழகாதவர் இதில் இறங்க வேண்டாம். பிரஷ் இல்லாத வகையில் ஏ.வி.ஆருக்குப் பதில் கன்டென்சர் இருக்கும். எஞ்சின் நின்ற பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் வெறும் கையால் தொடக் கூடாது.

வோல்டேஜும் ஹெர்ட்ஸும் எவ்வளவு இருக்க வேண்டும்?

இரண்டு துருவ ஆல்டர்னேட்டரில் ஹெர்ட்ஸ் நேரடியாக எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது: நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 50 ஹெர்ட்ஸ், 3600 சுற்று என்றால் 60. சுமையேறும்போது வேகம் சற்று இறங்கும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தைச் சுமையில்லாதபோது 52 அளவில் வைத்திருப்பார்கள். சாதனங்களைச் செருகும் முன் மீட்டரில் பார்ப்பது நல்ல பழக்கம். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றாலும் மின்னணுச் சுற்று ஒரே அளவில் மின்சாரம் தரும்.

எவ்வளவு சுமை ஏற்றலாம்?

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். அது சில விநாடிகள் மட்டும் தாங்கும் உச்சம். தொடர்ந்து தரக்கூடிய அளவு உடம்பில் ஒட்டிய தகட்டில் இருக்கும். கே.வி.ஏ.யில் எழுதியிருந்தால், ஒற்றைக் கட்ட இயந்திரத்தில் மின்திறன் காரணியையும் (கே.வி.ஏ.யில் எத்தனை பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பதை) பாருங்கள்; அது 0.8 என்றால் 2.5 கே.வி.ஏ. என்பது 2 கிலோவாட்தான். அந்த அளவிலும் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

மோட்டார் உள்ள சாதனங்கள் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். 150 வாட்டில் ஓடும் குளிர்பதனப் பெட்டி 500 வாட் கேட்கலாம். ஒரு குதிரைத்திறன் பம்ப் ஓடும்போது ஏறக்குறைய 1000 வாட், தொடங்கும்போது 3000-ஐத் தாண்டும். ஆகவே பெரிய மோட்டாரை முதலில் ஓடவிட்டு, அது நிலைப்பட்ட பிறகு மற்றவற்றை ஒன்றொன்றாகச் சேருங்கள். உயரமான மலைப்பகுதிகளில் காற்று அடர்த்தி குறைவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சினின் திறன் சுமார் 3.5 சதவீதம் குறையும்.

வீட்டு சாக்கெட்டிலேயே செருகி மொத்த வீட்டுக்கும் மின்சாரம் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயர் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். செருகாத முனையின் கம்பிகளில் முழு மின்சாரம் திறந்தபடி நிற்கும். அதைவிடக் கொடியது, நீங்கள் தரும் 230 வோல்ட் மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருவின் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் போய், ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து மின்கம்பிக்கு ஏறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் அங்கே இருக்கிறது. பொது மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் ஜெனரேட்டரும் எரியும்.

உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் பொருத்திய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (பொது மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) வழியாகத்தான் வீட்டு வயரிங்கில் இணைக்க வேண்டும். நியூட்ரல், எர்த் இணைப்பு எப்படி அமைய வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதால் அதையும் அவரே முடிவு செய்யட்டும். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள் நீட்டிப்பு வயர் மூலம் சாதனங்களை நேராக ஜெனரேட்டரில் செருகலாம்.

நீட்டிப்பு வயர் எப்படி இருக்க வேண்டும்?

தடிமனாக, முழுதும் விரித்து. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் எடுத்தால் சுமார் 7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. மோட்டார் தொடங்கும்போது இழப்பு இதைப்போல் பல மடங்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். சுருளாகக் கிடக்கும் வயர் சூட்டை வெளியேற்ற முடியாமல் உருகும். கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள்.

கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை இணைக்கலாமா?

இன்வெர்ட்டர் வகையில் தயங்காமல் இணைக்கலாம். சாதாரண வகையில் மின்னலையின் வடிவம் தூய்மையாக இருப்பதில்லை, சில யூ.பி.எஸ். பெட்டிகள் அதை ஏற்க மறுத்து பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

புது இயந்திரம் என்றால் முதல் 20 மணி நேரத்தில். உள்ளே உலோகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் நுண்துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். பிறகு கையேட்டில் சொன்னபடி 50 அல்லது 100 மணிக்கு ஒருமுறை; குறைவாக ஓட்டினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இத்தனை சிறிய எஞ்சினில், 2 முதல் 3 கிலோவாட் வகைகளில், சுமார் 0.6 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஆயில் ஃபில்டரும் கிடையாது. அந்த அரை லிட்டர்தான் எல்லா அழுக்கையும் சுமக்கிறது. செலவு மிகக் குறைந்த பராமரிப்பு இது, ஆனால் எஞ்சினின் ஆயுளை இதைப்போல் நீட்டிப்பது வேறெதுவும் இல்லை.

10W-30 நான்கு ஸ்ட்ரோக் ஆயில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடியுங்கள். அளவுக்கம்பியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்று கையேட்டில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் அளவு வேறுபடும். பல புது இயந்திரங்கள் ஆயில் இல்லாமலேயே பெட்டியில் வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

ஏர் ஃபில்டர்?

நுரைவகையைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுதும் உலர்த்தி, சில துளி எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகிதவகையைத் தட்டித் தூசி உதிர்க்கலாம், கழுவ முடியாது. ஃபில்டர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்டாதீர்கள்.

புகை வருகிறது. பயப்பட வேண்டுமா?

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இயந்திரத்தைப் படுக்கவைத்து ஏற்றி வந்த பிறகோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிய பிறகோ சில நிமிடம் மட்டும் புகைந்தால் கவலையில்லை. ஒவ்வொரு முறையும் நீலப்புகை என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது.

சில மாதங்களுக்குத் தேவைப்படாது. எப்படி வைத்துவிடுவது?

இந்த ஒரு வேலைக்காகத்தான் இத்தனையும் எழுதினேன் என்றாலும் தவறில்லை.

டேங்கைக் காலி செய்யுங்கள். காக்கை மூடிவிட்டு எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அப்போது எந்தச் சாதனமும் செருகியிருக்கக் கூடாது. பிறகு கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். தானாக நின்ற பிறகும் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும், ஜெட்டை அடைப்பது அதுதான். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கடைசியாக, தடை தெரியும்வரை கயிற்றை இழுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகாது.

எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டிய இயந்திரம் என்றால் காலி செய்வது சரிவராது. புதுப் பெட்ரோலில், அது கெடுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர்வரை சேரும்படி பத்து நிமிடம் ஓட்டுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை இருபது நிமிடம், பாதிச் சுமையோடு. சுமையில்லாமல் ஓட்டினால் எஞ்சின் போதிய சூடு ஏறாது. ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகாது. ஆல்டர்னேட்டரின் காந்தத்தன்மையும் இந்த மாதாந்திர ஓட்டத்தில்தான் புதுப்பிக்கப்படுகிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பரவாயில்லையா?

10 சதவீதம்வரை பெரும்பாலான எஞ்சின்கள் ஏற்கும். அதற்கு மேல் என்றால் கையேட்டைப் பாருங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடுக்குதான்.

பெட்ரோல் ஊற்றும்போது?

எஞ்சினை நிறுத்தி, குறைந்தது 15 நிமிடம் ஆறவிடுங்கள். சைலன்சர் மீது சிந்தும் பெட்ரோல் பற்றிக்கொள்ளப் பொறி எதுவும் தேவையில்லை. இருட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊற்ற நேராதபடி, பொழுது சாயும் முன்பே நிரப்பிவிடுங்கள். விளிம்புவரை நிரப்பாமல், விரிவதற்கு இடம் விடுங்கள். வெளியே கேனை நிரப்பும்போது அதை வண்டிக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் வையுங்கள். நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழி வேண்டும்.

கையிருப்பில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

சரியான எண்ணுள்ள ஸ்பார்க் பிளக் ஒன்று, அதைக் கழற்றும் ஸ்பானர், ஒருமுறை மாற்றப் போதுமான ஆயில், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் கேஸ்கெட், ஸ்டார்ட்டர் கயிறு, மல்ட்டிமீட்டர். மின்சாரம் பரவலாகப் போகும் இரவில் கடைகளும் மூடியிருக்கும். மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் இயந்திரத்தில் இல்லை என்றால், டேங்கின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டி, ஓட்டிய நேரத்தையும் ஆயில் மாற்றிய தேதியையும் அதிலேயே எழுதி வாருங்கள்.